முதல் தம்ளர் தண்ணீர்

கடித எண்: 214
நாள்: 14 செப்டம்பர் 2003, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.40
பொருள்: உன் 2ஆம் தேதியிட்ட கடிதம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்றே நம்பி இதைத் தொடங்குகிறேன். உன் கடிதம் 12ஆம் தேதி மாலை கிடைத்தது. போனிலேயே சொல்லிவிடலாமே என்றாள் அம்மா. போனில் சொன்னதை மறுபடி எடுத்துப் படிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் நாளை வருகிறேன் என்று ஜூலை மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ பிரிவுத் தலைவியானதற்கு மகிழ்ந்து முடிப்பதற்குள், புதிதாகச் சேர்ந்த பையன் வரைபடத்தில் அளவு மாற்றிப் போட்டதையும், லிஃப்ட் கதவுகள் அத்தனையும் ஒரு விரற்கடை குறுகி வந்துவிட்டதையும், தவறு செய்தவர் பெயரை 30ஆம் தேதிக்குள் எழுதித் தராவிட்டால் உன் பதவி உறுதியாகாது என்று மேலிடம் சொல்லியிருப்பதையும் எழுதியிருந்தாய். "பேரக் குடுத்துட்டு நிம்மதியா தூங்கு" என்கிறாராம் மாப்பிள்ளை. அவர் உன்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் அந்த வரைபடத்தில் கடைசிக் கையெழுத்து உன்னுடையது என்று மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு எங்கள் 'தம்ளர்' ஐயாவின் நினைவு வந்துவிட்டது.

நான் குடிநீர் நிலையத்தில் எழுத்தராக இருந்தபோது எங்களுக்கு மேலதிகாரி அவர். தொட்டியைக் கழுவி நிரப்பி மருந்து கலந்த பிறகு, ஊருக்குத் தண்ணீர் திறக்கும் முன், எல்லோரும் பார்க்க முதல் தம்ளரை அவர்தான் குடிப்பார். பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தாலும் குடிப்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர். 1976 மே மாதம் 8ஆம் தேதி, சனிக்கிழமை, ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்து, "என்னய்யா இது, ரெண்டு மருமக உப்புப் போட்ட சமையல் மாதிரி இருக்கு?" என்றார். நடந்ததும் அதுதான். இரவுப் பணி முடித்துப் போன பம்பு ஓட்டுநர், அடுத்து வருபவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று மருந்தைக் கலந்துவிட்டுப் போயிருக்கிறார். வந்தவரோ, முன்னவர் மறந்துவிட்டார் போலும், பாவம், காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று தானும் கலந்துவிட்டார். ஒருவர்மேல் ஒருவர் வைத்த பாசத்தால் ஊருக்கு அன்று தண்ணீர் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது; எடுத்துக் கொடுத்தவன் நான். யார் செய்தது, பெயர் உடனே வேண்டும் என்று அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. ஐயா, "பேரா? எழுதிக்குங்க" என்று சொல்லித் தம் சொந்தப் பெயரைத் தலைப்பெழுத்தோடு நிறுத்தி நிறுத்திச் சொல்லி, "தண்ணி என் பொறுப்பு, நாளைக்கு வரும்" என்று வைத்துவிட்டார்.

அவரைப் பசு என்று நினைத்துவிடாதே. அந்த இருவரையும் அறைக்குள் அழைத்தார். கதவைச் சாத்துமுன் என்னிடம், "அந்த உபரி மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்க" என்றார். நான் ஓடவிட்டேன். திட்டு பலமாக விழுந்திருக்க வேண்டும், வெளியே வந்த இருவர் முகமும் அப்படி இருந்தது. ஆனால் மோட்டார் இரைச்சலில் ஒரு சொல்கூட எங்கள் காதில் விழவில்லை. மறுநாள் விடுமுறை, யாரையும் அவர் அழைக்கவில்லை. தொட்டியைக் கழுவ அத்தனை பேரும் வந்து நின்றார்கள். "வீட்டுல மாமியார் வந்திருக்காங்க சார், அதான் ஓடி வந்துட்டேன்" என்றார் எலெக்ட்ரீசியன். வெளுப்புப் பொடி வாசனையும், ஈரச் சட்டைகளும், அந்தச் சிரிப்பும் இன்னும் எனக்குள் இருக்கின்றன. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன்பின் எனக்கு வாய்க்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. வருத்தமில்லையா என்று கேட்டேன். "இருக்குய்யா, இல்லாம இருக்குமா? ஆனா நான் கூப்பிடாமலே ஆள் வருதே" என்றார். எனவே உனக்கு நஷ்டமே வராது என்று நான் உறுதி தர முடியாது. முடிவு உன்னுடையது. எதை எழுதிக் கொடுத்தாலும் முதலில் உன் பெயரை எழுது. பையனைத் திட்டாமலும் விடாதே. மோட்டாரை ஓடவிட்டுத் திட்டு.

நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதச் சொல்கிறாள் அம்மா, எழுதிவிட்டேன். நீங்கள் இருவரும் நீடூழி வாழ எங்கள் ஆசிகள். பதிலில் மேற்கண்ட கடித எண்ணைத் தவறாமல் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா

இணைப்பு:
1. ஐயா ஓய்வு பெற்ற நாளில் எடுத்த புகைப்படம், 31.3.1981 (இடமிருந்து மூன்றாவது நான், தலை நிறைய முடி இருப்பவன்).
2. அம்மா தனியாக எழுதிய தாள். நான் படிக்கவில்லை, பிழை மட்டும் திருத்தினேன்.
3. அன்று ஐயா என் கையில் கொடுத்துவிட்டுப் போன தம்ளர், தனிப் பார்சலில். காலியாகத்தான் இருக்கும், நீதான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.