மேலாப்புல பார்த்து வாங்கின பன்னிரண்டு புத்தகம்

அனிஷா அப்பா,

சோறு ஆக்கி வச்சிருக்கேன். வெஞ்சனம் சுரைக்காய்க் கூட்டு. இருந்த கோபத்துல உப்புப் போட்டேனான்னு நினைவில்லை, பார்த்துப் போட்டுக்கங்க. பிள்ளை பக்கத்து வீட்டுல இருக்கா. நான் நாகல் நகர்ல எங்க அப்பாவோட வெங்காயக் கடைக்குப் போறேன்.

அங்கே மேலாப்புல இருக்கிற வெங்காயத்தைப் பார்த்து எவனும் மூட்டை வாங்க மாட்டான். நடுமூட்டையில கை விட்டுப் பார்ப்பான். நீங்க? வீடு தேடிப் புத்தகம் விக்க வந்த டை கட்டினவர் நீட்டின முதல் புத்தகத்துல படத்தைப் பார்த்துட்டு, அனிஷாவோட வீட்டுப் படிப்புக்குன்னு பன்னிரண்டையும் வாங்கிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் நடுவுல பிரிச்சேன். வாசல்ல கொட்டிக் கிடக்கிற பனியை அள்ள எத்தனை வாளி வேணும்னு கணக்கு! நம்ம கன்னிவாடியில எந்த வருஷம் பனி கொட்டுச்சு?

திருப்பிக் கொடுக்கலாம்னா, எல்லாத்துலயும் முதல் பக்கத்துல சிலுவை போட்டு அவ பேரை எழுதிட்டீங்க. ரெண்டாவது பக்கத்தைத் திருப்ப மட்டும் நேரமில்ல.

நாலு மணிக்கு அந்த டை கட்டின ஆள் பணம் வாங்க வாரார். எழுதின புத்தகத்தை மாத்த முடியாதும்பார். காப்பி கொடுத்துக் கொஞ்சாம எனக்கு போன் போடுங்க. நான் பேசிக்கிறேன்.

வினோலியா

பி.கு: பள்ளிக்கூடத்துல 'மக்கு'ன்னு சொன்னாங்கன்னுதானே பிள்ளையை நிறுத்தினோம்? காலையில அந்தப் பனிக் கணக்கை மூடி வச்சுட்டு, "அம்மா, நான் நெசமாவே மக்குதானா?"ன்னு கேட்டா. இல்லடி தங்கம்னேன். நம்பல. வாங்கினவர் நீங்க. புத்தகம்தான் மக்குன்னு நீங்க சொன்னாத்தான் நம்புவா. சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி சொல்லிருங்க.