சபை மண்டபத்தின் பூட்டு

கர்த்தருக்குள் பிரியமான மருமகளுக்கு, உனக்கு வாய்த்த ஒரே தாய்மாமன் நல்ல சுகத்தோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது.

இங்கே நடந்த அத்தனையும் நடக்கும் என்று நான் முன்னாடியே சொல்லிவிட்டேன். தீப்பிடிக்கும் என்றேன், பிடித்தது. பழியைத் தூக்கி வீடு எரிந்தவன் தலையிலேயே போடுவார்கள் என்றேன், போட்டார்கள். அதற்கு வேதத்திலிருந்து ஒரு பகுதியையும் தேடி எடுப்பார்கள் என்றேன், எடுத்தார்கள். சந்தேகம் இருந்தால் உன் அத்தையிடம் கேள். அவள் இல்லை என்பாள். அவளுக்கு ஞாபகமறதி.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். நீதான், "மாமா, அந்தச் சபைக்கும் எனக்கும் இனிமே ஒண்ணுமில்ல. என் பேரை அடிச்சிடச் சொல்லுங்க. அப்பாகிட்டயும் நான் பேசப் போறதில்ல" என்று படபடவென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கடிதத்தில் ஒரு வசதி, எழுதுகிறவனைப் பாதியில் வெட்ட முடியாது. கிழிக்கலாம். கிழித்தாலும் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிவைத்துப் படிப்பாய். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான், எனக்குத் தெரியாதா.

நீ ஊரை விட்டுப் போன பிறகு நான் ஒரு வகுப்பு ஆரம்பித்தேன். பெயர் 'செய்தியும் வேதமும்'. ஞாயிறு மதியம், சபை மண்டபத்தை ஒட்டிய சின்ன அறையில். அந்த வாரத்துச் செய்தி ஒன்றை யாராவது கொண்டுவர வேண்டும். அதற்கு வேதம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம், 'சரி, நாம் என்ன செய்யப் போகிறோம்' என்று கேட்டு எழுந்திருக்க வேண்டும். பூட்டு ரிப்பேர்க்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். ஒரே தடவை படித்தவர்களைவிட எனக்கு அதில் ஆழம் அதிகம். கூட்டம் அலைமோதுகிறது, உட்கார இடமில்லை. நாற்காலி குறைவு என்பதும் ஒரு காரணம்.

வகுப்பில் ஒரு கோளாறு இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். சாவி சேரவில்லை என்றால் அரத்தால் சாவியைத்தான் ராவ வேண்டும், பூட்டை ராவக் கூடாது. எங்கள் ஆட்கள் பூட்டையே ராவுகிறவர்கள். என்ன முடிவுக்கு வருவது என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு, அதற்குச் சேருகிற பகுதியைத் தேடிக்கொண்டு வருவார்கள். இதில் கெட்டிக்காரர் நம் மருந்துக்கடைக்காரர். சபையின் பொருளாளர். சட்டைப்பையில் எப்போதும் நாலு பேனா, ஒன்றும் எழுதாது.

வெள்ளிக்கிழமை நண்பகலில் கண்ணாடித் தொழிற்சாலைக்குப் பின்னால் வேலையாட்கள் குடியிருந்த தகரக் கொட்டகைகள் எரிந்துபோயின. எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். வேறு பாஷை, வேறு சாமி. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் வேறு ஒன்றும் மிச்சமில்லை. குழந்தை குட்டிகளோடு பேருந்து நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே வந்து ஒண்டிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லார் போனிலும் அந்த வீடியோ. ஒருவன் கையில் டின்னோடு கொட்டகைக்கு நெருப்பு வைத்துவிட்டு ஓடுகிறான். நஷ்ட ஈட்டுக்காக அவர்களே வைத்துக்கொண்ட நெருப்பு என்று கீழே எழுதியிருந்தது. உன் அப்பாவும் அதை உனக்கு அனுப்பினார். அதில்தான் உங்களுக்குள் வெட்டு விழுந்தது.

நீ எக்ஸ்ரே படம் பார்த்தே எலும்பில் எங்கே விரிசல் என்று சொல்கிறவள். உன்னிடமா இந்தப் படம் செல்லும். "அப்பா, ஓடறவன் வாயைப் பாருங்க, புகை மாதிரி மூச்சு வருது. காதை மூடிக் கம்பளிக் குல்லா போட்டிருக்கான். நம்ம ஊர்ல என்னைக்கு அப்படிக் குளிர் அடிச்சுது? பொய்யை அனுப்பறீங்க" என்று கேட்டாய். கேட்டது சரி. ஆனால் ஆயுசு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டவர் அவர். அவருக்கே நீ கோடு போட்டால் எப்படி இருக்கும். "வயசுக்கு மரியாதை இல்ல" என்றாராம். நீ என்னென்ன சொன்னாய் என்பதை இங்கே எழுதமாட்டேன், இது கிறிஸ்தவக் கடிதம்.

ஞாயிறு வகுப்புக்கு மருந்துக்கடைக்காரர் அந்த வீடியோவையே செய்தி என்று கொண்டுவந்தார். போனை எல்லார் முகத்துக்கு நேராகவும் நீட்டினார். திருடன் வரும் நேரம் தெரிந்தால் வீட்டுக்காரன் விழித்திருப்பான் என்று வேதத்தில் வருகிற இடத்தை வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அதனால மண்டபத்தைத் திறந்து இவங்களை உள்ள விடறதுங்கிற பேச்சே கூடாது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். உன் அப்பா ஆட்டவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சபைச் செயலாளரே அவர்தான், அந்தப் படம் பொய் என்று நீ சொல்லித் தெரிந்தவர், வாயைத் திறக்கவில்லை. எனக்கே ஆத்திரமாக வந்தது.

அப்போது நான் எழுந்து கேட்டேன். "அண்ணே, நீங்க வாசிச்ச இடத்துல திருடன் மாதிரி வரப்போறது யாரு? கர்த்தர்தானே. கதவைப் பூட்டிக்கிட்டு யாரை வெளியே நிறுத்தி வைக்கப் போறீங்க?" என்றேன். இதைக் கேட்டது தான்தான் என்று உன் அத்தை சொல்லிக்கொண்டு திரிகிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மூளைதான். அன்றைக்கு அது அவளிடம் இருந்திருக்கலாம்.

மருந்துக்கடைக்காரர் அசரவில்லை. "உணர்ச்சிவசப்பட்டுப் பேசறது சுலபம். நாற்காலி போச்சுன்னா, ஆர்மோனியம் போச்சுன்னா யார் பொறுப்பு?" என்றார். கமிட்டி அங்கேயே கூடிற்று. மண்டபத்தைத் திறப்பதில்லை, அவர்களுக்காக ஊக்கமாக ஜெபிப்பது என்று தீர்மானம் போட்டார்கள். போதகர் தம்பி நல்ல பையன்தான், ஆனால் முதுகெலும்பு இன்னும் முற்றவில்லை. "கமிட்டி முடிவை நான் மீற முடியாதுங்க" என்று என் காதோடு சொன்னார். நான் சொன்னேன், "தம்பி, அடிபட்டு வழியில கிடந்தவனைத் தாண்டிப் போனாங்களே ரெண்டு பேர், அவங்களும் கமிட்டி மெம்பராத்தான் இருந்திருப்பாங்க."

இயேசு சொன்ன அந்தக் கதையில் எல்லாரும் நின்று உதவின சமாரியனைத்தான் பிரசங்கிக்கிறார்கள். அவன் கழுதைக்கு ஒரு கால் நொண்டி, அப்படியும் அடிபட்டவனை அதன்மேல் ஏற்றினான். (நொண்டி என்று வேதத்தில் இல்லை என்கிறாள் அத்தை. இருந்திருக்கும்.) எனக்குப் பிடித்த ஆள் அந்தச் சத்திரக்காரன். ரத்தம் ஒழுக ஒருவனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறான் அந்நிய ஜாதிக்காரன். 'யார் இவன், யார் அடித்தான், நாளைக்குப் போலீஸ் வந்தால் என்ன சொல்வது' என்று கேட்காமல் கதவைத் திறந்துவிட்டானே, அவன். அவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவன் பெயரும் தெரியாது.

திங்கட்கிழமை பிற்பகலில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நோவா காலத்துக்குப் பிறகு இப்படி ஒரு மழை பெய்ததில்லை. பேருந்து நிறுத்தத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கி பெஞ்சின் மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் கடையின் ஷட்டரை இழுத்துவிட்டேன், கருவிப்பெட்டியை எடுத்தேன், நேராக மண்டபத்துக்குப் போனேன். அந்தப் பூட்டு சாதாரணப் பூட்டு இல்லை. ஆனைக்கே போடலாம். கம்பியை உள்ளே விட்டேன், கண்ணை மூடினேன், அதன் நாடி பிடித்தேன், ஒரே திருப்பு. வாயைப் பிளந்தது. கதவை விரியத் திறந்து படியில் நின்று, ஊர் கேட்க, "வாங்க எல்லாரும்" என்றேன். பாஷை தெரியாதவர்களுக்கும் புரிந்தது.

மருந்துக்கடைக்காரர் குடையோடு ஓடிவந்தார். "பூட்டை உடைச்சது குற்றம். நாளைக்கே விசாரணை வைப்பேன்" என்றார். "உடைக்கல அண்ணே, திறந்திருக்கு. உடைக்கிறவன் திருடன், திறக்கிறவன் தொழில் தெரிஞ்சவன்" என்றேன். அதற்குள் ஒரு பெரியவர் மண்டபத்து மூலையில் ஈரத்துணியோடு உட்கார்ந்து தன் சாமியைக் கும்பிட ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்ம மண்டபத்துல வேற தெய்வமா?" என்றார். "நடுங்கறவன் யாரை வேணும்னாலும் கூப்பிடட்டும். பதில் சொல்ல வேண்டியவர் சொல்லிக்குவார். கம்பளி குடுக்கிறதுதான் நம்ம வேலை" என்றேன். இதை நான்தான் சொன்னேன். அத்தை அப்போது கம்பளி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவர்கள் இன்னும் மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். ஞாயிறு பள்ளிக் கரும்பலகை முழுக்கக் குழந்தைகள் ரயில் வரைந்து வைத்திருக்கின்றன. ஆர்மோனியம் அங்கேயே இருக்கிறது, அதை வாசிக்கத் தெரிந்த ஒருவன் அவர்களுக்குள்ளேயே இருக்கிறான், நம் ஆளைவிடச் சுருதி சுத்தம். மருந்துக்கடைக்காரர் மாறவில்லை, மாறுகிற ஜென்மமும் இல்லை. ஆனால் தீக்காயத்துக்கான களிம்பு தினமும் பின்வாசல் வழியாக வருகிறது. அனுப்புவது அவர் மனைவி. அவருக்குத் தெரியாதாம். தன் கடையில் எத்தனை டியூப் இருக்கிறது என்று தெரியாத கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொதுக்கூட்டம். பூட்டைத் திறந்தவன் பதில் சொல்ல வேண்டும். வகுப்பை மூடுவார்களாம், ஆளைச் சபையை விட்டு நீக்கினாலும் நீக்குவார்களாம். நீக்கட்டும். நான் வெளியே படியில் உட்கார்ந்து அதே வகுப்பை நடத்துவேன். படியில் இடம் அதிகம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பெயரை அடித்துவிடச் சொன்னாயே, எதற்கு? அந்தச் சபையை மருந்துக்கடைக்காரரா கட்டினார்? உன் அம்மா, என் அக்கா, சாகிற வரைக்கும் பெருக்கித் துடைத்த இடம் அது. பொய்யை அனுப்புகிறவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, பொய்யைக் கண்டுபிடித்தவள் எழுந்து வெளியே போவதா? இது எந்த ஊர் நியாயம்? அவர்கள் போகட்டும். நீ வந்து உன் பெஞ்சில் உட்கார். என் வகுப்புக்கு மூச்சுப்புகையைப் பார்க்கத் தெரிந்த ஒருத்தி வேண்டும். கர்த்தருடைய வீட்டைக் கோபத்தில் இவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போக உனக்கு உரிமை இல்லை. இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை, தாய்மாமனாகச் சண்டைக்கு நின்று சொல்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதாமல் ஒட்டிவிடலாம் என்று உறையை எடுத்தேன். அத்தை பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றால் எனக்குக் கை ஓடாது.

அந்தப் பூட்டை நான் திறக்கவில்லை. கருவிப்பெட்டியோடு போனது நிஜம். நான் போய்ச் சேரும்போது கதவு திறந்திருந்தது. பூட்டு, செயலாளர் கையில் இருக்கிற அந்தச் சாவியோடு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே உன் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒற்றை ஆளாக நாற்காலிகளை ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். முழுக்க நனைந்திருந்தார். "மச்சான்" என்றேன். திரும்பிப் பார்க்காமலே, "அவ சொன்னது சரிடா. வீட்டுக்கு வந்து நாலு தடவை போட்டுப் பார்த்தேன். மூச்சு தெரியுது. நேத்து வகுப்புல வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல" என்றார். அவளுக்குப் போன் போடுங்கள் என்றேன். "எடுக்க மாட்டா. நீயும் சொல்லிடாதே. சொன்னா, அவளைச் சமாதானப்படுத்தத்தான் கதவைத் திறந்தேன்னு நினைச்சுக்குவா. நான் அதுக்குத் திறக்கல" என்றார். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். வாசலில் கருவிப்பெட்டியோடு நான் நின்றதால் நான்தான் திறந்தேன் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். எனக்கும் அது கசக்கவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நின்று, திறந்தது தான்தான் என்று சொல்லப் போகிறார். பழியை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. தனியாகத்தான் நிற்கப் போகிறார். கர்த்தர் உன்னையும் உன் கண்ணையும் காப்பாராக. சனிக்கிழமைக்குள் அவருக்கு ஒரு போன் போடு. நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
பூட்டைத் தொடாத உன் மாமா