நான் போட்ட வரிசை எண்களைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
குடிநீர் வால்வு திறப்பவரின் மகள்,
மேட்டுத் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: குடிநீர் விநியோகத்தை நகராட்சி ஏற்பதற்கான செலவு அறிக்கை – வால்வுகளின் எண்ணிக்கையில் பிழை – நேரில் எண்ணிப் பார்க்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தனியார் நிறுவனத்திடமிருந்து குடிநீர் விநியோகத்தை நகராட்சியே வாங்கி நடத்தலாமா என்ற அறிக்கையைத் தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் படித்தேன். நின்றபடியே படித்ததால் இரண்டு நாள் ஆயிற்று. செலவு தாங்காது, கைவிடலாம் என்று அது முடிகிறது. வரும் வெள்ளிக்கிழமை மன்றம் முடிவெடுக்கவுள்ளது.

2. நிறுவனம் கேட்கும் இழப்பீட்டில் பாதிக்கு மேல் 214 வால்வுகளுக்கும் அவற்றின் தொட்டி, இணைப்புக் குழாய்களுக்கும் உரியது. அந்த 214 என்னால் வந்தது.

3. என் அப்பா அந்நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வால்வு திறப்பவர். எந்தத் தெருவில் குழாய் உடைந்தால் எந்த வால்வை மூட வேண்டும் என்று நிறுவனம் பட்டியல் கேட்டது. அப்பா தெருத்தெருவாகச் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். அம்மா எட்டிப் பார்த்து, “நம்ம வீட்டுல அடிச்சதுன்னா யாரு நம்புவாங்க? ஆபீஸ் பேப்பர் மாதிரியே இருக்கு” என்றார். அந்த மகிழ்ச்சியில், இன்னும் அழகாக இருக்கட்டும் என்று, யாரும் கேட்காமலே ஓரத்தில் வரிசை எண் போட்டுவிட்டேன்.

4. முச்சந்தியில் உள்ள ஒரு வால்வு மூன்று தெருக்களுக்குப் பொது. அது பட்டியலில் மூன்று தெருப் பெயர்களின் கீழும் வந்தது. மூன்று எண்களும் பெற்றது. இப்படியே பல வால்வுகள் இரண்டு, மூன்று முறை எண் பெற்றன. அப்பா சொன்னதில் பிழையில்லை. நிறுவனம் என் கடைசி எண்ணான 214ஐ வால்வுகளின் எண்ணிக்கையாகச் சொத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. சென்ற ஞாயிறன்று அப்பாவும் நானும் சைக்கிளில் சுற்றி எண்ணினோம். இருப்பவை 90. ஒவ்வொரு மூடியையும் அப்பா காலால் தட்டி, “இவரு கொஞ்சம் கோவக்காரரு, ரெண்டு சுத்து கூடக் கேப்பாரு” என்று உறவினரைப் போல எனக்கு அறிமுகம் செய்தார்.

5. இழப்பீடு இரண்டு ஆண்டு வரி வருவாய்க்குள் இருந்தால் தவணையில் செலுத்தலாம் என்று அறிக்கையின் 31ஆம் பக்கம் கூறுகிறது. 90 வால்வுகள் என்று கொண்டால் தொகை அதற்குள் அடங்குகிறது. நடத்த ஆளில்லை என்றும் அறிக்கை சொல்கிறது. இன்று திறந்து மூடுபவர்கள் அப்பாவும் மற்ற மூவரும்தான். அவர்கள் எங்கும் போய்விடப் போவதில்லை.

6. எங்கள் தெருவுக்கு நாள் விட்டு நாள் அரை மணி நேரம்தான் தண்ணீர். நிறுவனம் சொன்ன நிமிடத்தில் மூடிவிட்டு, அதே தெருவுக்குள் தலைகுனிந்து வருபவர் அப்பா. “அண்ணே, என் குடம் பாதியில நிக்குதே, கண்ணு தெரியலையா?” என்பார் பக்கத்து வீட்டு அத்தை. அதே வரிசையில் அம்மாவின் குடமும் பாதியில்தான் நிற்கும்.

7. வேலை போய்விடுமோ என்று அஞ்சி, அப்பாவைக் குறிப்பிடாமல்தான் இம்மனுவை முதலில் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். “நான் இல்லாம வால்வு எங்க இருக்குன்னு யாரு காட்டுவா? என்னையும் போடும்மா” என்றார்.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன் பொறியாளர் ஒருவரை அனுப்பி எண்ணச் செய்யுமாறும், அதுவரை முடிவை ஒத்திவைக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். பிழைக்கான விளக்கத்தை என்னிடமே கேட்டருளுங்கள். அப்பா வியாழன் காலை விடுப்பு எடுத்துள்ளார். ஏழு மணிக்குத் தங்கள் அலுவலக வாசலில் காத்திருப்பார்.

இடம்: மேட்டுத் தெரு
நாள்: மார்ச் 14

தங்கள் உண்மையுள்ள,
(மகளின் கையொப்பம்)
(தந்தையின் கையொப்பம்)