பிடிமண் கேட்டிருந்தாய்

மங்களநாதர் துணை

உத்தரகோசமங்கை,
தை மாதம், வியாழக்கிழமை

அன்பு மகன் தங்கப்பாண்டிக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இங்கே நலம், அங்கே நீயும் ஜெயப்பிரியாவும் குழந்தை கவிப்ரியாவும் இருமலும் சளியும் இல்லாமல் இருக்க மங்களேஸ்வரியை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போது போன் நின்றுவிட்டதே, சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். போகவில்லை, நான்தான் வைத்தேன். "எங்க ஊருல நம்ம அய்யனாருக்கு ஒரு கோயில் கட்டுறோம்மா, நம்ம கோயில்ல பிடிமண் எடுத்து, இங்கேருந்து லீவுல வந்திருக்கிற பாண்டீஸ்வரன்ட்ட குடுத்து விடுங்க" என்றாய். எங்க ஊரு என்று நீ சொன்னது செமர்கட்டாவை. பிறந்து வளர்ந்த ஊரை "அங்கன" என்கிறாய், சத்தீஸ்கர் காட்டில் இருக்கும் நிலக்கரிச் சுரங்கக் காலனி உனக்கு எங்க ஊரு ஆகிவிட்டது. வருடத்துக்கு ஒரு முறை மாசி சிவராத்திரிக்கு நீ வருவது குலதெய்வத்துக்காக என்று எனக்குத் தெரியும், எனக்காக என்று நான் ஒரு நாளும் ஏமாந்ததில்லை. கைப்பிடி மண் எடுத்துப்போய் அவரையும் அங்கே குடிவைத்துவிட்டால் நீ இந்தப் பக்கம் எதற்கு வரப்போகிறாய்? அதுதான் போனை வைத்தேன்.

இங்கே மிளகாய் பரவாயில்லை, ஆனால் பழம் எடுக்கும் நேரத்தில் மழை தூறி மேல்காட்டுச் செடியெல்லாம் அழுகிவிட்டது. கண்மாய்க்குள் கருவேலமரம் வெட்டி இருளாண்டி கரிமூட்டம் போட்டிருக்கிறான், புகை முழுவதும் நம் வீட்டுக்குத்தான் வருகிறது. கண்டித்தால், "ஒங்க மகனுக்கு பூமிக்குள்ளயே கரி கெடக்கு ஆத்தா, எனக்கு நான்தான வேக வைக்கணும்" என்று சிரிக்கிறான். அவனுக்குக்கூட அந்த ஊர்தான் பெரிதாகப் படுகிறது.

அப்படி என்ன இருக்கிறது அங்கே? போன வருடம் வந்து பார்த்தவள்தானே நான். இலவமரக் காடாக இருந்த இடத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒரு குழி தோண்டியது, குழிக்கு ஆள் வேண்டுமென்று பிலாஸ்பூரிலிருந்தும் கோரக்பூரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் கூட்டி வந்தார்கள், பிறகு சர்க்கார் எடுத்துக்கொண்டது, இதுதானே அதன் சரித்திரம். குடியிருந்த காலனிக்கு அடியிலேயே கரி இருக்கிறது என்று காலனியைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள், அங்கேயும் கரி என்று மறுபடி பெயர்த்தார்கள். வீட்டுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். சுரங்கத்துச் சங்கு ஊதினால் சாப்பாடு, சங்கு ஊதினால் தூக்கம். மத்தியானம் வெடி வைக்கும்போது அலமாரித் தட்டெல்லாம் நடுங்குகிறது, பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதிச் சொல்லில் நிறுத்தி, வெடித்த பிறகு மீதியைச் சொல்கிறார்கள். கான்வென்டில் சிஸ்டர்கள் முன்னால் பாவாடை விளிம்பில் ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் நின்றவள் நான், செமர்கட்டாவில் உடுத்திய அரை மணியில் என் புடவைக் கரை கறுத்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கண்ணால் கண்டதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. எதிர்வரிசையில் ஒரு தெலுங்குக்காரர் இறந்தபோது சங்கு ஊதி ஷிஃப்ட் முடிந்தவர்கள் அத்தனை பேரும் கறுத்த முகத்தோடே வந்து நின்றார்கள், பாடை கட்டத் தெரிந்தவன் எந்த ஜாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் அய்யா இறந்தபோது நம் பங்காளிகள் வரப்புத் தகராறை மனதில் வைத்துக்கொண்டு தெருமுனையிலேயே நின்றதை நீ மறந்திருக்க மாட்டாய். அன்றைக்கு எனக்கு அந்த ஊரின் மேல் வந்தது வெறுப்பு இல்லை. பொறாமை. அந்தச் சொல்லை எழுத எனக்குக் கூச்சம் இல்லை.

அடுத்த வீட்டு சுக்மதி விஷயத்துக்கு வருகிறேன். குழிக்குள் வேலை பார்த்த புருஷனை இழந்தவள், மரியாதையானவள், ஜெயப்பிரியா பள்ளிக்கூடத்துக்குப் போனதும் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள், எல்லாம் சரி. உனக்குக் காமாலை வந்தபோது கீழாநெல்லி மாதிரி ஏதோ அரைத்துக் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தது அவள், எனக்குச் செய்தி வந்தது நீ டியூட்டிக்குப் போன பிறகு. அதையும் பொறுத்தேன். ஆனால் என் பேத்தி அவளை "அப்பத்தா" என்று கூப்பிடுகிறாள், சொல்லிக் கொடுத்தது நீ. அவர்கள் பாஷையில் அதற்கு ஒரு சொல் இல்லாமலா போயிற்று?

பாண்டீஸ்வரன் திங்கட்கிழமை மண் வாங்கிப் போக வந்தான். காபி கொடுத்து, கிடையாது என்று சொன்னேன். மூன்றாம் தடவை காலனியைத் தோண்டும்போது எங்கள் அய்யனார் லாரியில் ஏறி நிற்க வேண்டுமா என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆத்தா, கோவிச்சுக்காதீக, இது அண்ணன் யோசனையே இல்ல, சுக்மதியம்மாதான் சொல்லுச்சு" என்றான். அவள் கிராமம் அந்தக் குழி இருக்கும் இடத்தில்தான் இருந்ததாம். தங்கள் அம்மன் மெஷினை நிறுத்திவிடுவாள் என்று பெரியவர்கள் சிலையை எடுக்க விடவில்லையாம், மெஷின் நிற்கவில்லை. இப்போது அங்கே தண்ணீர்தான் கிடக்கிறதாம், திருவிழா நாளில் இவள் கம்பிவேலி ஓரம் நின்று வெறும் ஆகாயத்தைப் பார்த்துத் தேங்காய் உடைக்கிறாளாம், வாட்ச்மேன் விரட்டுகிறானாம். உன் அம்மா ஏன் இங்கே தங்க மாட்டேன் என்கிறாள் என்று அவள் கேட்க, சாமியை விட்டு வரமாட்டாள் என்று நீ சொல்ல, அப்படியானால் முதலில் சாமியைக் கூட்டி வா என்றாளாம். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் மகனுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றிவிட்டதே என்று வயிறுதான் எரிந்தது.

மறுநாளே பூசாரி முத்துகிருஷ்ண வேளாரிடம் போனேன், அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் நல்லது என்றுதான் போனேன். அவரோ, "தாராளமா எடுத்துட்டுப் போகலாம் தாயி, ஆனா அடுத்தவன்ட்ட குடுத்து விட இது என்ன கருவாட்டுப் பொட்டலமா? பங்காளி வீட்டு ஆளுதான் மடியில வச்சுக் கொண்டு போகணும், வழியில தரையில வைக்கக்கூடாது" என்றார். தாலி இல்லாதவள் கொண்டு போகலாமா என்று கேட்டேன். "இத்தன வருசமா ஒங்க கையால விளக்கு வாங்குனாரே, அப்பல்லாம் கழுத்தையா பாத்தாரு?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

ஆகையால் பிடிமண்ணை அனுப்ப மாட்டேன், கொண்டு வருவேன். வழக்கம்போல இந்தச் சிவராத்திரிக்கு நீ இங்கே வா, கும்பிட்டுவிட்டு மண் எடுத்து இருவரும் ஒரே ரயிலில் போவோம். நானே எடுத்துப் போகிறேன் என்று சொல்லாதே, உன் மடியை நம்ப மாட்டேன், ரயில் நகர்ந்ததும் தூங்கிவிடுவாய். எவ்வளவு நாள் தங்குவேன் என்று இப்போதே கேட்காதே. அய்யனார் அங்கேயும் இருக்கிறார் என்பதைச் சாக்காக வைத்து அடுத்த வருடம் இங்கே வராமல் இருக்கவும் நினைக்காதே. நீ சர்வேயர்தானே, அடியில் கரி இல்லாத மேடாகப் பார்த்து இடம் குறி, படித்த படிப்பு அதற்காவது உதவட்டும். கவிப்ரியா என்னைப் பெரிய அப்பத்தா என்றும் அந்த அம்மாளைச் சின்ன அப்பத்தா என்றும் கூப்பிடட்டும், வயதை யாரும் விசாரிக்க வேண்டாம்.

கீழ் பெர்த்தாகப் பார்த்து டிக்கெட் எடு. குழந்தைக்கு நகம் வெட்டி விடு. எல்லாத் தெய்வமும் உங்கள் மூவரையும் காக்கட்டும், தீர்க்காயுசாக இருங்கள். இன்னொன்று, கொத்தனாரிடம் பீடத்தைச் சற்று அகலமாகக் கட்டச் சொல், அய்யனாருக்குப் பக்கத்தில் இன்னொரு கல் நிற்க இடம் வேண்டும். அது எந்த அம்மனுக்கு என்று சுக்மதிக்குத் தெரியும். நான் சொன்னதாக அவளிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மு. உமையாள்