முன்பணம் வாங்காத தறி

1979 ஜூன் 12, செவ்வாய்

பக்கத்து வீட்டு முனுசாமி காலையில் மகள் செல்வியோடு வந்தார். வேலூர்க் கல்லூரியில் அவளுக்கு பி.எஸ்ஸி. இடம் கிடைத்திருக்கிறது. செலவுக்குப் பட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கினால் அது தீரும்வரை வேறு யாருக்கும் நெய்ய முடியாது, கூலி எவ்வளவு குறைந்தாலும். எங்கள் தெருவில் முன்பணம் இல்லாத தறி அவருடையது ஒன்றுதான்.

"படிப்பு முடிச்சா வேலை நிச்சயமா கெடைக்குமாங்க டீச்சரம்மா?" என்றார்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு என் பழைய மாணவிகள் வருடக்கணக்கில் காத்திருப்பதைச் சொன்னேன்.

"உங்களுக்குக் கெடைச்சுதே டீச்சர்" என்றாள் செல்வி.

அப்போது படித்த பெண்கள் குறைவு என்றேன்.

"கெடைக்கும்னும் சொல்ல மாட்டேன்றாங்க, கெடைக்காதுன்னும் சொல்ல மாட்டேன்றாங்க. இதுக்கா இவ்ளோ படிச்சாங்க?" என்று முனுசாமி சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு மறுபடி வந்தார். முன்பணம் வாங்கியாயிற்றாம்.

"யோசிச்சுகினே இருந்தா சீட்டு போயிடும். வேணாம்னா நீங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருப்பீங்க. அதான் ஜல்தியா வாங்கிட்டேன்."

எளிதில் யாருக்கும் நம்பிக்கை தராதவள் என்றுதான் பள்ளியில் எனக்குப் பெயர். வேண்டாம் என்று நான் சொல்லாததையே உத்தரவாதமாக எடுத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. செல்வி கல்லூரிக்குப் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதையும் அவளிடம் சொல்லவில்லை. பொட்டலம் மேசைமேல் பிரிக்காமல் இருக்கிறது. எறும்பு வந்துவிடும், எடுத்து வைக்க வேண்டும்.