அவ்வளவு அவசரம் இல்லை

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கப்பலை எந்தத் துறைமுகமும் உள்ளே விடவில்லையாம். இங்கே என்னை ஆபரேஷன் அறைக்குள் விடவில்லை. நல்ல பொருத்தம்தான். போனில் திட்டினால் வார்டு முழுக்கக் கேட்கும் என்பதால் எழுதுகிறேன். நர்ஸ் இதைப் படமெடுத்து அனுப்புவாள்.

முதுகெலும்புக் கட்டியை உடனே எடுக்காவிட்டால் கால் போய்விடும் என்று படுக்கவைத்தவர்கள், ஆபரேஷன் அறையில் தொற்றுக் காய்ச்சல்காரர்களுக்குக் கட்டில் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பாவம், மூச்சு வேண்டும். பெரிய டாக்டரைத்தான் சொல்கிறேன். "அவசரம்தாம்மா, ஆனா அவ்வளவு அவசரம் இல்ல" என்றார், ஜன்னலைப் பார்த்து. இதைச் சொல்லவா அத்தனை வருஷம் படித்தார்?

உங்கள் அக்காவும் பேசினார். எல்லாருக்கும்தான் முதுகு வலிக்கிறதாம். அவருக்கு வாயும் கொஞ்சம் வலித்தால் நன்றாயிருக்கும்.

சின்ன டாக்டர் தினமும் காலையில் வாசலிலேயே நின்று, கால் விரல் அசைகிறதா என்று கேட்பார். கிட்டே வந்தால் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளுமாம். பக்கத்துக் கட்டில் தையல்காரிக்கும் இதே கட்டிதான். அவள், நன்றாக அசைகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொல்வாள். நல்ல பதில் சொன்னால் ஆபரேஷனுக்குச் சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்று நினைப்பு. இங்கே என்ன மார்க்கா போடுகிறார்கள் என்று திட்டினேன், கேட்கவில்லை. நேற்று நர்ஸ் அவள் போர்வையை விலக்கினால் இரண்டு காலிலும் அசைவே இல்லை. பெரிய டாக்டர் ஓடி வந்து, இனிமேல் செய்து பெரிய பலனில்லை என்றார். அவசரமில்லாத நாளுக்கும் பலனில்லாத நாளுக்கும் நடுவே அவளுக்கென்று ஒரு நாள் இருந்திருக்கும். அதை யாரும் வாசலைத் தாண்டி வந்து பார்க்கவில்லை.

இன்று காலை சின்ன டாக்டரை நான் விடவில்லை. கிட்டே வந்து ஊசியால் குத்திப் பாருங்கள் என்று சத்தம் போட்டேன். வந்தார். வலது கால் சுருக்கென்றது. பிறகு இடது பக்கம் குனிந்தபடியே நின்றார்.

"இடது காலை எப்ப குத்தப் போறீங்க?" என்றேன்.

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, பெரிய டாக்டரைத் தேடி ஓடினார். இன்னும் திரும்பவில்லை.

எனக்கு வாங்கிய செருப்பு குதிகால் உயரம், முதுகுக்கு ஆகாது, நண்பரின் மனைவிக்குக் கொடுத்துவிடவா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். ஒன்றுகூடத் தொலையாமல் ஜோடியாகவே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
வாய் மட்டும் குறையாத
உங்கள் மனைவி