முப்பத்தெட்டு மறி, ஒரு கிடாய்

1986 ஆவணி 3

சோளகக் காற்று விடவில்லை. கிணறு உவர்த்துவிட்டது. நெடுந்தீவில் இருந்து இன்றும் படகு போகவில்லை. கடலில் ஹெலி சுடுகிறதாம்.

விடியப்புறம் கறுப்பி ஈன்றாள். இரண்டு குட்டி. ஒன்று செத்து. மற்றது வாய் கோணி, முலை பிடிக்க ஏலாமல். ஒரு மாதத்துக்குள் இப்படி மூன்றாவது ஆடு. எல்லாம் என் சிவலைக் கிடாயின் பிள்ளைகள். ஊரிலேயே நல்ல கிடாய் என்று நான் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்தில் செல் குண்டு விழத் தொடங்கியதில் இருந்து மகள் யோகம், மருமகன், பேத்தி எல்லோரும் என்னோடு. மருமகன் கம்பசில் கணக்குப் படிப்பிக்கிறவர். ஒரு கூட்டம் சுருங்கிப் பெருகும்போது பரம்பரை இரத்தத்தின் வகைகள் எப்படிக் குறைகின்றன என்று ஆராய்ச்சி. சீமெந்து நிலமெல்லாம் அவர் கணக்குப் போட்ட கரிக்கோடு. கூட்டுவது நான். கலியாணத்தன்று தன் தாய்க்கு முதல் தேத்தண்ணி கொடுத்து, எனக்குப் பிறகு கொடுத்தவர். மறக்கவில்லை.

ஆவணி 4

வாய்கோணலும் செத்தது. யோகத்துக்கு வயிற்றில் ஆறு மாதம். பேத்தி பாலுக்கு அழுகிறாள். ஆடு போனால் எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை.

மருமகன் பட்டியடியில் குந்தியிருந்து கேட்டார். எத்தனை ஆடு, எப்போது குறைந்தது. சொன்னேன். மூன்று வருடத்துக்கு முந்தின கோடையில் ஆறு பெட்டை மறியும் சிவலையும்தான் மிஞ்சின. இப்போது முப்பத்தெட்டு மறி.

"மாமி, கணக்கிலை உங்களிட்டை நாலு ஆடு தான்."

"கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு எண்ணும் தம்பி."

"எத்தினை மறி நிண்டாலும் எல்லாக் குட்டியிலும் பாதி சிவலை. கிடாய் ஒண்டெண்டால் இரத்தக் கலப்பு நாலு ஆட்டின்ரை கணக்கைத் தாண்டாது. தகப்பனே பிள்ளையளோடை சேர்ந்தால் குட்டி இப்பிடித்தான் விழும். அதோடை அந்தக் கோடை. ஆட்டுத் தொகை பெருகினாலும் அண்டைக்குத் துலைஞ்ச வகை திரும்பி வராது."

"அம்மாவோடை வாய் குடுத்தால் உங்கடை கணக்கும் துலையும்," யோகம் குசினிக்குள் இருந்து.

வேறு வழியில், வேறு இரத்தத்தில் பிறந்த கிடாய் வேண்டுமாம். படகில்லாமல் எங்கே போக?

"மதிலுக்கு அங்காலை ஒண்டு நிக்குதே மாமி."

நிற்கிறதுதான். அன்னப்பிள்ளையின் கிடாய். செத்துப்போன என் மனிசனின் தங்கை, எனக்கு மச்சாள். ஏழு வருடமாகப் பேச்சில்லை. என் வெள்ளைக் கிடாய்க்குட்டியைத் தூக்கினவள்.

"அது அந்தக் களவெடுத்த குட்டியின்ரை வழி," என்றேன்.

"அப்பிடியெண்டால் உதவாது மாமி. அதுவும் இதே இரத்தம்."

ஆவணி 5

நித்திரை இல்லை. நான் சொன்னது சரி என்றால் பட்டி அழியும். பிழை என்றால் பட்டி தப்பும், அன்னப்பிள்ளை நிமிர்ந்து நடப்பாள். எதை வேண்டிக்கொள்ள?

இரண்டு மறி கிடாய்க்குக் கத்துகின்றன. சிவலையைக் கட்டிப் போட்டேன். கயிற்றைக் கடிக்கிறான். மருமகன் தான் போய்க் கேட்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். இது எனக்கும் அவளுக்கும்.

ஆவணி 6

பின்னேரம் போனேன். இரண்டு மறியும் கயிற்றில். அன்னப்பிள்ளை படலையைத் திறக்கவில்லை.

"கள்ளி வீட்டிலை என்ன அலுவல், மச்சாள்?"

"உன்ரை கிடாய் எங்கையிருந்து வந்தது?"

"ஏன், பொலிசோ நீங்கள்?"

குட்டிகள் சாவதைச் சொன்னேன். மருமகனின் கணக்கையும், எனக்கு விளங்கின அளவுக்கு. அவள் முகத்தில் இருந்த நக்கல் போய்விட்டது. படலையைப் பிடித்தபடி நின்றாள்.

"இது புங்குடுதீவிலை வாங்கினது. உங்கடை வழி இல்லை. பயப்பிடாமல் விடுங்கோ."

"அப்ப என்ரை வெள்ளை?"

"எடுத்தனான் தான்."

 எடுக்கவில்லை என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினவள்!

"ஆனா வளர்க்கேல்லை. அம்மா செத்து எட்டாம் நாள், எட்டுச்செலவுச் சாப்பாட்டுக்கு அறுத்தது. கையிலை ஒரு சதம் இல்லை. முதல் பந்தியிலை நீங்களும் இருந்தனீங்கள். எலும்புக் குழம்பு இன்னும் ஊத்தச் சொல்லிக் கேட்டனீங்கள், மச்சாள்."

அவள் படலையைத் திறந்துவிட்டாள். மறிகள் கயிற்றோடு உள்ளே. 

குழம்பு நன்றாகத்தான் இருந்தது.